‘ரன்’ என்னும் ஆங்கில வினை: ஓடுவதா, ஓட்டுவதா?

தாள்மடிப்பு எழுதியது:

அச்சகம் நடத்தும் பெண்மணி ஒருவர் ஒரு நூலாசிரியருக்கு எழுதிய ஆங்கிலக் கடிதத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கடிதம் எளிமையானதுதான். ஆனால், அதன் நடுப்பத்தியில் ‘ரன்’ என்ற ஒரே வினை திரும்பத் திரும்ப வருகிறது. அச்சகத்தை அவர் ‘ரன்’ செய்கிறார். இயந்திரம் விடியற்காலையிலிருந்து ‘ரன்’ ஆகிக்கொண்டிருக்கிறது. அட்டையின் சிவப்பு மை ஈரத்தில் ‘ரன்’ ஆகிவிட்டது. காகிதம் ‘ரன் அவுட்’ ஆகும் நிலையில் இருக்கிறது. வேலை ‘ரன்னிங் லேட்’. அச்சு இயந்திரத்தைக் கவனிப்பவர் ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’. நூலோ 300 பக்கங்களுக்கு ‘ரன்ஸ் டு’ என்கிறார்.

நடத்துகிறார், ஓடுகிறது, பரவிவிட்டது, தீரப்போகிறது, தாமதமாகிறது, காய்ச்சலாக இருக்கிறார், நீளும் என்று எழுதிவைத்திருக்கிறேன். ஏழு இடங்களிலும் ஏழு வெவ்வேறு சொற்கள் விழுந்திருக்கின்றன. தமிழில் ‘படி’ என்று எழுதினால் அது மாடிப்படியாகவும் இருக்கலாம், நெல் அளக்கும் படியாகவும் இருக்கலாம், புத்தகத்தைப் படி என்ற ஏவலாகவும் இருக்கலாம். அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஒரே உருவில் வந்து நிற்கும் சொற்கள் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். ‘ரன்’ என்பதும் அப்படிப்பட்டதா, அல்லது இந்த ஏழையும் இணைக்கும் பொருள் ஒன்று அடியில் இருக்கிறதா என்பதே என் கேள்வி. இருக்கிறது என்றால், தமிழாக்கத்திலும் அந்த இணைப்பு தெரிய வேண்டுமா என்பது அடுத்த கேள்வி.

கரும்பலகை எழுதியது:

நண்பர் ஏழோடு நிறுத்திக்கொண்டார். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் திருத்தப்பட்ட பதிவில் ‘ரன்’ என்பதற்கு, வினையாக மட்டும், 645 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டிருக்கின்றன. அந்த ஒரு சொல்லைத் திருத்தி எழுத அகராதியாசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆயின என்ற செய்தி 2011-இல் பரவலாக வெளிவந்தது. அதற்கு முன்பு நெடுங்காலம் ‘செட்’ என்ற வினைதான் அந்த அகராதியின் மிக நீண்ட பதிவாக இருந்தது. 1928-இல் முற்றுப்பெற்ற முதற்பதிப்பிலும், 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் அதற்கே முதலிடம். இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 அளவில் பொருள்கள் இருந்தன.

இந்த எண்ணைப் பார்த்து மலைத்துப்போக வேண்டியதில்லை. வரலாற்று முறையில் எழுதப்படும் அகராதி, வழக்கொழிந்த பொருளையும் விடாது. ஆறு ஓடுவதையும் கண்ணீர் ஓடுவதையும் மெழுகு உருகி ஓடுவதையும் தனித்தனியாகச் சான்று காட்டிப் பிரிக்கும். அவற்றைப் பேசுகிறவர் மனத்தில் அவை தனித்தனிப் பொருள்களாகவே இருப்பதில்லை. ஆகவே 645 என்பது மொழியைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு, அகராதியாளரின் கத்தி எவ்வளவு கூர்மை என்பதையும் சொல்கிறது.

உங்கள் முதற்கேள்விக்கு என் விடை: இவை ‘படி’ போன்றவை அல்ல. ஒரே சொல் கிளை விட்டிருக்கிறது. எப்படி விட்டது என்பதை இங்கே சொற்பிறப்பில் தோய்ந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

வேர்ச்சொல் எழுதியது:

கரும்பலகை அழைத்ததால் வருகிறேன். ‘ரன்’ என்றதும் கால்களால் விரைந்து செல்வதே மூலப்பொருள் என்றும், ஆறும் மூக்கும் இயந்திரமும் பிற்காலத்தில் அதிலிருந்து உருவகமாகப் பிறந்தவை என்றும் நாம் கருதிவிடுகிறோம். வரலாறு அப்படி இல்லை. பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘ரின்னன்’. நீர் ஓடுவதும் ஆள் ஓடுவதும் அந்தச் சொல்லுக்குத் தொடக்கத்திலிருந்தே உரியவை. அதன் உடன்பிறப்பான ஜெர்மன் வினை ‘ரின்னன்’ இன்றும் நீர் வழிந்தோடுவதையே குறிக்கிறது. எனவே மூக்கு ‘ரன்’ ஆவதும் மை ‘ரன்’ ஆவதும் பிற்கால உருவகங்கள் அல்ல. பழைய வீட்டின் முன்கட்டிலேயே குடியிருப்பவை.

பழைய ஆங்கிலத்தில் இதே சொல்லுக்கு ‘இர்னன்’ என்று எழுத்து இடம்மாறிய வடிவமும் வழங்கியது. தசை, சதை என்றும் மிஞிறு, ஞிமிறு என்றும் நம் இலக்கணத்தார் இலக்கணப்போலி என்று காட்டுவார்களே, அதே நிகழ்வுதான். ஆங்கிலத்தில் பறவையைக் குறிக்கும் ‘பேர்ட்’ கூட ஒரு காலத்தில் ‘ப்ரிட்’ என்றே இருந்தது.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். அக்காலத்தில் ‘ஓடு’ என்பதற்கு ஒரு வினையும், ‘ஓடச் செய்’ என்பதற்கு அதிலிருந்து பிறந்த வேறொரு வினையும் இருந்தன. நம் இலக்கணத்தில் சொன்னால் தன்வினையும் பிறவினையும்: ஓடு, ஓட்டு. ஜெர்மனில் அந்த இரண்டும் ‘ரின்னன்’, ‘ரென்னன்’ என்று இன்றும் தனித்தனியாக இருக்கின்றன. ஆனால் ‘ரென்னன்’ இப்போது ஆள் விரைந்து ஓடுவதைக் குறிக்கிறது. ஆங்கிலத்திலோ, வடநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் நோர்ஸ் மொழியும் சேர்ந்துகொள்ள, எல்லாம் கலந்து ஒரே ‘ரன்’ ஆகிவிட்டன. இப்படிப் பிரிந்து நிற்கும் இணைகள் ஆங்கிலத்தில் இன்றும் சில உண்டு. ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்றால் உட்காரவை. ‘ஃபால்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் மரத்தை வீழ்த்து. ‘ட்ரிங்க்’ என்றால் குடி, ‘ட்ரெஞ்ச்’ என்பது முதலில் குடிக்கவைத்தலைக் குறித்து, இப்போது நனைத்தலில் வந்து நிற்கிறது. ‘ரன்’ அந்த வேறுபாட்டை இழந்தது. அகராதியில் அதற்கு இவ்வளவு இடம் வேண்டியிருப்பதற்கு இது ஒரு பெருங்காரணம் என்பது என் கருத்து: இரண்டு வினைகளின் சொத்தும் ஒரே பெயருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஆகவே ‘ரன்’ என்று எங்கே கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது, அதற்குப் பின் செயப்படுபொருள் நிற்கிறதா என்பதுதான். இல்லையென்றால் ஓடு, இருந்தால் ஓட்டு. அச்சகத்தை அந்த அம்மையார் ஓட்டுகிறார். அச்சகத்தில் இயந்திரம் ஓடுகிறது.

நிரலாளி எழுதியது:

வேர்ச்சொல் சொன்னதை என் அலுவலகத்தில் அன்றாடம் கேட்கிறேன். நிரலை ‘ரன் பண்ணு’ என்கிறோம். நிரல் ‘ரன் ஆகிறது’ என்கிறோம். ஆங்கிலம் இழந்த வேறுபாட்டை, அந்தச் சொல்லைக் கடன் வாங்கிய தமிழ், ‘பண்ணு’, ‘ஆகு’ என்ற இரண்டு துணைகளைக் கொண்டு யாரும் சொல்லிக்கொடுக்காமலே மறுபடி உண்டாக்கிக்கொண்டது. எழுதும்போது ‘இயக்கு’, ‘இயங்கு’ என்று போடுகிறோம். அங்கும் அதே இணைதான்.

இயந்திரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓர் இயந்திரம் ‘ரன்’ ஆகிறது என்பதும் ‘வொர்க்’ ஆகிறது என்பதும் ஒன்றல்ல. முன்னது, இந்த நேரத்தில் அது இயக்கத்தில் இருக்கிறது என்கிறது. பின்னது, அது எதற்காக இருக்கிறதோ அதைச் சரியாகச் செய்கிறது என்கிறது. வண்டி நின்றுகொண்டிருக்கும், இன்ஜின் ‘ரன்’ ஆகிக்கொண்டிருக்கும். நாங்கள் எழுதும் நிரல் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல் ‘ரன்’ ஆகும், விடை மட்டும் தவறாக வரும். அப்போது ‘இட் ரன்ஸ், பட் இட் டஸ் நாட் வொர்க்’ என்று ஒருவர் சொன்னால் அதில் முரண்பாடு இல்லை. இதைத் தமிழில் ‘இயங்குகிறது, ஆனால் இயங்கவில்லை’ என்று எழுதிவைத்த கையேட்டை நான் பார்த்திருக்கிறேன். ‘ஓடுகிறது, ஆனால் வேலை செய்யவில்லை’ என்று எழுதியிருந்தால் யாருக்கும் குழப்பம் வந்திருக்காது.

ஓரக்குறிப்பு எழுதியது:

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஓடு, ஓட்டு என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் எல்லாம் தெளிந்துவிடும் என்பது, தெளிந்த இடங்களை மட்டும் எடுத்துக்காட்டுவதால் வரும் தோற்றம். ‘ரன் எ டெம்பரேச்சர்’ என்பதில் செயப்படுபொருள் இருக்கிறது. காய்ச்சலை யார் ஓட்டுகிறார்? ‘ரன் எ ரிஸ்க்’ என்றால் இடருக்கு ஆளாவது; இடரை நாம் ஓட்டுவதில்லை, அதுதான் நம்மைத் துரத்துகிறது. ‘ரன் அன் எரண்ட்’ என்றால் ஒருவருக்காகச் சிறு வேலையாகப் போய்வருவது. செய்தித்தாள் ஒரு கட்டுரையை ‘ரன்’ செய்தது என்றால் வெளியிட்டது. குழாயைத் திறந்து குளியல் தொட்டியை நிரப்புவதை ‘ரன் எ பாத்’ என்கிறார்கள். சிவப்பு விளக்கு எரியும்போது நிற்காமல் கடந்துபோவது ‘ரன் எ ரெட் லைட்’. இவற்றில் எதையும் ஓட்டு என்ற ஒரு பொருளை மட்டும் தெரிந்துவைத்திருக்கும் மாணவர் ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது.

நாட்டுக்கு நாடு மாறுவதையும் கணக்கில் கொள்ளுங்கள். அமெரிக்காவில் தேர்தலுக்கு ‘ரன்’ செய்கிறார்கள். பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார்கள். அங்கே ஓடுகிறவர் இங்கே நிற்கிறார். தமிழில் நாமும் ‘தேர்தலில் நிற்கிறார்’ என்கிறோம். அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளரைக் குறிக்கும் ‘ரன்னிங் மேட்’ என்ற தொடர் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. ஒரே இலாயத்தைச் சேர்ந்த குதிரை, தன் துணைக் குதிரைக்கு வேகம் வகுத்துக்கொடுக்க உடன் ஓடுவது. காலுறையில் இழை பிரிந்து நீளும் கோட்டை அமெரிக்கர் ‘ரன்’ என்பார்கள், பிரிட்டனில் அது ஏணி. அடிப்படைப் பொருள் என்று ஒன்று இருந்தால், ஒரே மொழி பேசும் இரண்டு நாட்டார் ஏன் வேறுவேறு முடிவுக்கு வந்தார்கள்?

வேர்ச்சொல் எழுதியது:

ஓரக்குறிப்பின் மறுப்பு நல்ல மறுப்பு. ஆனால் அது நான் சொல்லாத ஒன்றை மறுக்கிறது. அடிப்படைப் பொருள், வந்துவிட்ட வழக்குக்கு விளக்கம் தரும். வரப்போகும் வழக்கை முன்கூட்டிச் சொல்லாது. ‘பொழுதை ஓட்டு’ என்று தமிழில் சொல்கிறோம். வியாபாரம் இல்லாத கடைக்காரர் ஈ ஓட்டுகிறார். ஒரு பக்கத்தின் மீது பார்வையை ஓட்டுகிறோம். கேட்டவுடன் இவற்றின் நியாயம் விளங்கும். கேட்பதற்கு முன் வேற்றுமொழிக்காரர் ஒருவர் தாமாக உண்டாக்க முடியாது. பார்வையை ஓட்டுவதில் மட்டும் ஆங்கிலமும் நம்மோடு அப்படியே ஒத்துப்போகிறது: ‘ரன் யுவர் ஐ ஓவர் இட்’ என்பார்கள்.

உறைந்துபோன தொடர்கள் உண்டு என்பதையும் ஏற்கிறேன். ‘ரன் அமொக்’ என்பதில் உள்ள ‘அமொக்’ மலாய்ச் சொல். வெறிபிடித்துத் தாக்குவதைக் குறிப்பது. ‘ரன் த கான்ட்லெட்’ என்பதில் இருப்பதாகத் தோன்றும் கையுறை அங்கே இல்லவே இல்லை. இரு வரிசையாக நிற்பவர்கள் அடிக்க நடுவே ஓடவேண்டிய தண்டனையைக் குறித்த ஸ்வீடிஷ் சொல், ஆங்கிலக் காதில் கையுறையின் பெயராக விழுந்துவிட்டது. இத்தகையவற்றை முழுத்தொடராகத்தான் கற்க வேண்டும். ‘ரன் எ டெம்பரேச்சர்’ என்பதையும் அந்தப் பெட்டியில் போட எனக்குத் தடையில்லை. நம் மொழியில் காய்ச்சல் ‘அடிக்கிறது’ என்கிறோமே, அதை ஓர் ஆங்கிலேயருக்கு எந்த அடிப்படைப் பொருளைக் கொண்டு விளக்குவது?

தாள்மடிப்பு எழுதியது:

இருவர் சொல்வதையும் வைத்துப் பார்க்கையில், எனக்கு இன்னொரு வகை பிடிபடவில்லை. எதுவும் அசையாத இடத்திலும் ‘ரன்’ வருகிறது. சாலை ஆற்றை ஒட்டி ‘ரன்’ ஆகிறது. வேலி தோட்டத்தைச் சுற்றி ‘ரன்’ ஆகிறது. சுவரில் ஒரு விரிசல் மேலிருந்து கீழாக ‘ரன்’ ஆகிறது. நூல் 300 பக்கங்களுக்கு ‘ரன்’ ஆவதும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். சாலை ஓடுவதில்லை, நூலும் ஓடுவதில்லை.

கரும்பலகை எழுதியது:

இதற்கு மொழியியலில் தனியாகவே ஆராய்ச்சி உண்டு. லெனர்டு டால்மி என்ற மொழியியலாளர் இதைக் கற்பனை இயக்கம் என்ற பொருள்படும் பெயரில் விரிவாக ஆராய்ந்தார். அசையாமல் கிடக்கும் நீண்ட பொருளை, நம் பார்வை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தொடர்ந்து போவதால், அந்தப் பொருளே போவதாகச் சொல்லிவிடுகிறோம். தமிழும் இதில் தாராளமாகவே இருக்கிறது: சாலை கிழக்கே போகிறது, மலைத்தொடர் தெற்கே செல்கிறது, கிளைச்சாலை இங்கே வந்து சேர்கிறது என்கிறோம். விரிசல் விஷயத்தில் தமிழ் ‘ஓடு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்கிறது. ‘சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது’ என்பது முழுமையான தமிழ். இலையில் நரம்பு ஓடுகிறது; பளிங்கில் கறுப்புக் கோடு ஓடுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் வேலியும் ‘ரன்’ ஆகும், ஒப்பந்தமும் ‘ரன்’ ஆகும், விலைப்பட்டியலும் இந்த எல்லையிலிருந்து அந்த எல்லை வரை ‘ரன்’ ஆகும், குணமும் குடும்பத்தில் ‘ரன்’ ஆகும். தமிழில் வேலி நீள்கிறது, ஒப்பந்தம் நீடிக்கிறது, விலை அதுமுதல் இதுவரை இருக்கிறது, குணம் வழிவழியாக வருகிறது. இடத்தில் நீள்வதையும் காலத்தில் நீள்வதையும் குறிக்க ஆங்கிலம் ஒரே சொல்லைக் கையாள, நாம் நீள், நீடி என்ற நெருங்கிய இணையைக் கையாள்கிறோம். திரைப்படத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அது நூறு நாள் ‘ஓடியது’ என்றே சொல்கிறோம். முன்பு திரையரங்கில் உண்மையாகவே படச்சுருள் ஓடிக்கொண்டிருந்தது அதற்குத் துணைசெய்திருக்கக் கூடும்.

வண்டி ஓட்டத்திலும் காலத்தைப் பற்றிய நுட்பம் ஒன்று உண்டு. ‘த பஸ் இஸ் ரன்னிங்’ என்றால் இப்போது ஓடுகிறது. ‘த பஸ் ரன்ஸ் எவ்ரி அவர்’ என்றால் மணிக்கு ஒரு பேருந்து உண்டு. ‘த பஸ் டஸ் நாட் ரன் ஆன் சண்டேஸ்’ என்பதை ‘ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து ஓடாது’ என்று எழுதுவதில் பிழை இல்லை. ‘ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து கிடையாது’ என்பது இன்னும் இயல்பு.

ஓரக்குறிப்பு எழுதியது:

‘ரன்னிங் லேட்’ என்பதை யாரும் இன்னும் தொடவில்லை. அங்கே செயப்படுபொருளும் இல்லை, ஓட்டமும் இல்லை. ‘ரன்’ என்பதை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டாலும் வாக்கியம் நிற்கிறது.

கரும்பலகை எழுதியது:

பெயரடை பின்னால் வரும்போது ‘ரன்’ தன் எடையைப் பெரிதும் இழந்து, ‘ஆகு’ என்ற நம் வினைக்கு அருகில் வந்துவிடுகிறது. கிணறு ‘ரன் ட்ரை’ என்றால் வற்றிப்போகிறது; கையிருப்பு ‘ரன் லோ’ அல்லது ‘ரன் ஷார்ட்’ என்றால் குறைகிறது; குழந்தைகளோ செடிகொடிகளோ ‘ரன் வைல்டு’ என்றால் கட்டுப்பாடில்லாமல் திரிகின்றன, மண்டுகின்றன; பகை ‘ரன் டீப்’ என்றால் ஆழமாக வேரோடியிருக்கிறது. வேர் ‘ஓடி’ இருப்பதைக் கவனியுங்கள்.

ஆனால் எந்தப் பெயரடையையும் போட்டுவிட முடியாது. உணவு கெடுவதற்கு ‘கோ’ வேண்டும், பால் புளிப்பதற்கு ‘டர்ன்’ வேண்டும், வயதாவதற்கு ‘க்ரோ’ அல்லது ‘கெட்’ வேண்டும். ‘ரன்’ விரும்பிச் சேர்த்துக்கொள்ளும் பெயரடைகளில் பல, ஓடும் நீரையோ ஓடிக்கொண்டிருக்கும் காலத்தையோ அளப்பவை: வறண்டது, குறைந்தது, ஆழமானது, குளிர்ந்தது, பிந்தியது. வேர்ச்சொல் சொன்ன பழைய நீர் இங்கே அடியில் ஓடுவதாகத்தான் எனக்குப் படுகிறது. ‘ரன்னிங் லேட்’ என்பதற்கும் ‘லேட்’ என்று மட்டும் சொல்வதற்கும் வேறுபாடும் உண்டு. கூட்டம் முடிந்தபின் வந்தவரை ‘ரன்னிங் லேட்’ என்று சொல்ல முடியாது. இன்னும் வழியில் இருப்பவரைத்தான் சொல்ல முடியும்.

நிரலாளி எழுதியது:

அப்படியானால் ‘அவுட்’, ‘ஓவர்’, ‘த்ரூ’ போன்ற ஒட்டுகளோடு வருவதுதான் மீதம். என்னை மிகவும் அலைக்கழிப்பது அதுதான். கிரிக்கெட்டில் ‘ரன் அவுட்’ ஆகிறவரையும், பாட்டரி ‘ரன் அவுட்’ ஆவதையும் ஒரே சொற்களால் சொல்கிறார்கள். கிரிக்கெட் ‘ரன்’ என்பதே விந்தையானது. பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால் ஓர் அடிகூட ஓடாமல் நான்கு ‘ரன்’ கிடைக்கிறது. இலங்கைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் ‘ஓட்டங்கள்’ என்றே எழுதுகின்றன. அங்கும் அதே விந்தைதான்.

வேர்ச்சொல் எழுதியது:

ஒட்டுவினைகள் ஒவ்வொன்றையும் இங்கே எடுத்தால் இழை முடியாது. சிலவற்றை மட்டும் நிதானமாகப் பார்ப்போம்.

‘ரன் அவுட்’ என்பதில் எழுவாய் இடம்மாறுவதுதான் நுட்பம். ‘த பேப்பர் ரேன் அவுட்’ என்றால் காகிதம் தீர்ந்தது. ‘வீ ரேன் அவுட் ஆஃப் பேப்பர்’ என்றால், சொல்லுக்குச் சொல், நாங்கள் காகிதத்திலிருந்து வெளியே ஓடிவிட்டோம். தமிழில் இதற்கு மனிதரை எழுவாயாக வைக்க வழியே இல்லை. ‘எங்களிடம் காகிதம் தீர்ந்துவிட்டது’ என்று ஏழாம் வேற்றுமைக்கு அவரைத் தள்ளிவிட வேண்டும். நம் மொழியில் பசியும் நினைவும் தீர்வும் மனிதருக்கு ‘நேர்பவை’. ஆங்கிலம் அவரை இழுத்து வாக்கியத்தின் முன்வரிசையில் உட்காரவைக்கிறது. கடவுச்சீட்டும் ஒப்பந்தமும் ‘ரன் அவுட்’ ஆனால் காலாவதி ஆகின்றன. பொறுமை ‘ரன் அவுட்’ ஆனால் எல்லை மீறுகிறது.

‘ரன் த்ரூ’ இன்னும் ஆபத்தானது. ‘லெட் அஸ் ரன் த்ரூ இட்’ என்றால் ஒருமுறை வேகமாகச் சொல்லிப்பார்ப்போம், ஒத்திகை பார்ப்போம் என்பது பொருள். ‘ரன் மீ த்ரூ த பிளான்’ என்றால் திட்டத்தை எனக்கு வரிசையாக விளக்கு. அதே தொடரின் கடைசிச் சொற்களை வெட்டிவிட்டு ‘ரன் மீ த்ரூ’ என்று நிறுத்தினால், வாளை என் உடம்பில் ஊடுருவப் பாய்ச்சு என்று ஆகிவிடும். மூன்றிலும் ஒன்றை ஊடுருவிச் செல்வது என்ற பொருள் மாறவில்லை. எது எதனூடே செல்கிறது என்பது மட்டும் மாறுகிறது.

‘ரன் ஓவர்’ என்பதில் சுட்டுப்பெயரின் இடம் முக்கியம். வண்டி ஒருவர் மேல் ஏறிவிட்டது என்று சொல்ல ‘ரேன் ஹிம் ஓவர்’ என்று அவரை நடுவில் வைப்பதே இயல்பு. ‘ரேன் ஓவர் டு ஹிம்’ என்றால் அவரிடம் ஓடிப்போனார், யாருக்கும் காயமில்லை. கூட்டம் ‘ரன் ஓவர்’ ஆனால் நேரம் மீறியது. தொட்டி ‘ரன் ஓவர்’ ஆனால் வழிந்தது.

‘ரன் டவுன்’ என்பது பாட்டரிக்கு வலுவிழப்பு, பாதசாரிக்கு விபத்து, முதுகுக்குப் பின்னால் பேசப்படுகிறவருக்கு இழிவு, நெடுநாள் ஓய்வின்றி உழைத்தவருக்குச் சோர்வு, பராமரிப்பில்லாத கட்டடத்துக்குச் சிதைவு. இங்கே ‘டவுன்’ என்பதுதான் பொருளைத் தருகிறது, ‘ரன்’ அதைச் சுமந்துவருகிறது. ‘ரன் இன்டு’ மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மரத்தோடு என்றால் மோதினார், பழைய நண்பரோடு என்றால் எதிர்பாராமல் சந்தித்தார், தொகையோடு என்றால் அவ்வளவைத் தொட்டது. மரத்தையும் நண்பரையும் தீர்மானிப்பது அடுத்து வரும் பெயர்ச்சொல். வினையிடம் கேட்டுப் பயனில்லை.

தாள்மடிப்பு எழுதியது:

என் இரண்டாம் கேள்விக்கு நானே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்; மறுப்பிருந்தால் சொல்லுங்கள். கடிதம் எழுதிய அம்மையார் ‘ரன்’ என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னது ஓசை நயத்துக்காக அல்ல. ஆங்கிலத்தில் அந்த ஏழு இடங்களிலும் அதுவே முதலில் நாவில் வரும் சொல். ஆகவே தமிழிலும் அந்தந்த இடத்தில் முதலில் நாவில் வரும் சொல் எதுவோ அதைப் போடுவதுதான் நேர்மை. ஏழு சொற்கள் ஆனாலும் ஆகட்டும். எல்லாவற்றையும் ஓடு, ஓட்டு என்றே எழுதியிருந்தால், அவர் செய்யாத சொல்விளையாட்டை நான் அவர்மேல் ஏற்றியதாக ஆகும். ஆனால் ஒரு கவிதையிலோ நகைச்சுவைத் துணுக்கிலோ இதே வினை வேண்டுமென்றே திரும்ப வந்தால், அங்கே பொருளைச் சற்று விட்டுக்கொடுத்தாவது ஓடு என்பதைக் காப்பாற்றுவேன். இங்கே ஓடவைத்துப் பார்க்கக்கூடிய இடமும் ஒன்று இருந்தது: ‘அச்சகத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்’ என்று எழுதலாமா என்று எண்ணினேன். அப்படி எழுதினால், சிரமப்பட்டு எப்படியோ சமாளிக்கிறார் என்ற தொனி வந்துவிடுகிறது. ‘குடும்பத்தை ஓட்டுகிறேன்’ என்பவரின் குரல் அது. அவரோ நன்றாக நடத்துகிறார்.

ஓரக்குறிப்பு எழுதியது:

இதில் முழு உடன்பாடு. ‘நடத்து’ என்பதும் ‘நட’ என்பதன் பிறவினை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். ஆங்கிலேயர் நிறுவனத்தை ஓடச்செய்ய, நாம் நடக்கச்செய்கிறோம்.

வாசற்படி எழுதியது:

இழையை முதலிலிருந்து படித்தேன். தேர்வுக்குப் படிப்பவள் என்ற முறையில் ஓர் ஐயம். ‘ஷீ ஹேஸ் ரேன்’ என்று பலர் பேசுவதைக் கேட்கிறேன், இணையத்திலும் எழுதுகிறார்கள். பாடநூலில் ‘ஷீ ஹேஸ் ரன்’ என்று இருக்கிறது. எது சரி?

கரும்பலகை எழுதியது:

‘ஹேஸ் ரன்’ என்பதே சரி. வட்டார வழக்கில் ‘ஹேஸ் ரேன்’ நெடுநாளாகக் கேட்கிறது என்றாலும் எழுத்துமொழி அதை ஏற்பதில்லை; தேர்வில் மதிப்பெண் போகும். இதன் மூன்று வடிவங்கள் ‘ரன், ரேன், ரன்’. முதலும் மூன்றாவதும் ஒன்றாக இருப்பதால்தான் தடுமாற்றம் வருகிறது. ‘கம், கேம், கம்’ என்பதும் ‘பிகம், பிகேம், பிகம்’ என்பதும் இதே அமைப்பு. மூன்றையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். முன்னொட்டுச் சேர்ந்து வரும் ‘ஓவர்ரன்’, ‘அவுட்ரன்’ ஆகியவற்றுக்கும் இதே விதிதான்: திட்டச்செலவு மதிப்பீட்டை நேற்று மீறியது என்றால் ‘ஓவர்ரேன்’, மீறியிருக்கிறது என்றால் ‘ஹேஸ் ஓவர்ரன்’.